கல்வராயன் மலையில் பள்ளிக்கல்வி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவியுள்ளது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்கு வெள்ளிமலையும் சேலம் பக்கத்துக்குக் கருமந்துறையும் முக்கிய ஊர்கள். மலைவாசிகளில் பெரும்பான்மையினர் பட்டியல் பழங்குடியினரான மலையாளிகள். அவர்கள் பேசுவது தமிழ். அதனால் வேறு பல பழங்குடிக் குழந்தைகள் முதல் வகுப்பிலேயே முட்டிக்கொள்ளும் மொழித் தடை இங்கே இல்லை. கல்வியைத் தாமதப்படுத்தியவை நில உடைமை முறையும் தூரமும்தான்.

அடிவாரத்தின் கதை வேறு. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பிலேயே அடிவாரம் அடங்கிய தென்னார்க்காட்டின் திண்ணைப் பள்ளிகள் பதிவாகிவிட்டன. மலையிலோ சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சி. குடிகள் வரி கட்டியதோடு ஜாகிர்தாருக்குக் கூலியில்லாத 'வெட்டி' வேலை செய்யவும் வேண்டியிருந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சமவெளியில் ஜமீன்கள் ஒழிந்த பிறகும் இந்த முறை நீடித்தது. 1976 ஜூன் 25 அன்றுதான் ஜாகிர்கள் அரசின் கைக்கு வந்தன. தமிழ்நாட்டுக் கல்வி வரலாற்றைக் காமராஜரின் 1956 மதிய உணவுத் திட்டத்திலிருந்து சொல்லிப் பழகியவர்கள், கல்வராயனுக்கு இருபது ஆண்டுகள் தள்ளித் தொடங்குவதே சரி. விடிந்தால் வெட்டி வேலைக்குப் போக வேண்டிய வீட்டில் பிள்ளையின் கையும் கணக்கில் சேரும்.

ஒருங்கிணைந்த பழங்குடியினர் மேம்பாட்டுத் திட்டமும் அதே காலத்தில்தான் தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தது. கல்வராயன் அதன் பகுதிகளுள் ஒன்று. இங்கே கல்வியைச் சுமந்தவை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள். ஊர் வழக்கில் 'ஜிடிஆர் பள்ளி'. இவற்றை நடத்துவது பள்ளிக் கல்வித் துறை அல்ல, பழங்குடியினர் நலத் துறை. குடியிருப்புகள் சிதறிக் கிடக்கும் மலையில், பள்ளியைப் பிள்ளையிடம் கொண்டுபோவதைவிடப் பிள்ளையைப் பள்ளியில் தங்கவைப்பது எளிது என்ற கணக்கு இதன் பின்னே இருக்கிறது. கணக்கு பெரும்பாலும் பலித்தது. ஆனால் பகலில் பாடம் நடந்த அறையிலேயே இரவில் பாயை விரித்துப் படுக்கும் நிலை இத்தகைய பள்ளிகள் பலவற்றில் இருந்தது. ஆறு வயதுப் பிள்ளையை வீட்டிலிருந்து பிரிப்பதன் சுமையை எந்தக் கோப்பும் எழுதிவைப்பதில்லை. வெள்ளிமலையில் இயங்கும் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி ஆறாம் வகுப்பிலிருந்து தொடங்குகிறது. உறைவிடக் கல்விக்கு அந்த வயதே பொருத்தம் என்று சொல்லலாம்.

சிற்றூர்த் தொடக்கப் பள்ளியின் சிக்கல் வேறு வகை. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டப்படி 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். இருவரும் வந்தாலும் ஐந்து வகுப்புகள் அவர்கள் தலையில்தான். ஒருவர் கூட்டத்துக்குக் கீழே இறங்கினால் அன்று அது ஓராசிரியர் பள்ளி. இந்த நிலைக்கென்றே பிறந்த முறை ஒன்று உண்டு. ஆந்திரத்தின் ரிஷி பள்ளத்தாக்கில், சின்னஞ்சிறு கிராமப் பள்ளிகளுக்காக உருவான அட்டை வழிக் கற்றல் அது. பல வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து, அவரவர் எட்டிய படியின் அட்டையை எடுத்துத் தாமே படித்து முன்னேறுவார்கள். அது தமிழகத்தில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் நுழைந்து, 2007-08இல் மாநிலமெங்கும் பரவியது. சிற்றூருக்காகச் செய்த முறை மாநகரம் சுற்றி மலையேறியதுதான் வேடிக்கை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பழங்குடியினரிடையே 54.3 மட்டுமே. சாமையும் குச்சிக்கிழங்கும் ஆண்டு முழுக்கச் சோறு போடாததால், குடும்பங்கள் வெளியூர்க் கூலி வேலைக்கு இறங்குகின்றன. உடன்போகும் பிள்ளையின் பெயர் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை இராது. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் முதல் கட்டத்திலேயே மலைப்பகுதிப் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டது. வெறும் வயிற்றோடு மேடேறி நடந்துவரும் பிள்ளைக்கு அதன் பயன் நேரடியானது.

2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகி, ஆட்சியர் அலுவலகம் விழுப்புரத்திலிருந்து அருகே வந்தது. மலையின் மீது வெளியுலகின் பார்வை திரும்பியதோ ஒரு துயரத்தால். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்த விஷச்சாராயச் சாவுகளை அடுத்து, கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்காக எடுத்து விசாரித்தது.

2025இல் கருமந்துறைப் பழங்குடி மாணவி ஒருவர் ஐஐடியில் இடம் பெற்றது மாநிலமெங்கும் செய்தியானது. அது மேல்நிலைக் கல்வியின் வெற்றி. தொடக்கக் கல்விக்கு அளவுகோல் வேறு: எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பிழையின்றிப் படிக்கவும் எளிய கணக்குப் போடவும் வேண்டும் என்று 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் 2025ஐ இலக்காக வைத்தது. பின்னர் அது நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது. மலையில் அதை நடத்த வேண்டிய ஆசிரியர் அடிவாரத்திலிருந்து பேருந்தில் வந்துபோகிறவர் என்றால், பள்ளி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதில் போக்குவரத்துக் கழகத்துக்கும் பங்கு உண்டு.