இலக்கணமும் உலக வழக்கும்

இலக்கணம் புலவர்க்கே உரியது. வியாபாரிக்கும் குடியானவனுக்கும் அதனால் ஆவதொன்றுமில்லை என்று நம்மவருட் சிலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் பொருந்தாதென்பதைத் தமிழெழுத்தின் சரித்திரமே காட்டும்.

மெய்யெழுத்துக்களும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியர் விதித்தார். ஓலையிற் புள்ளி குத்தினால் ஏடு சிதையுமென்று அஞ்சிப் பிற்காலத்தார் அதனை விடுத்தனர் என்பர். அதனால் 'கொடு', 'கோடு' என்னும் இரு சொல்லும் ஒரே வடிவாய் நின்றன. படிப்போர் இடம் நோக்கி ஊகித்தே பொருள் கொண்டனர்.

1680-ல் இத்தாலி தேசத்திற் பிறந்து, இந்நாடு போந்து தமிழ் கற்ற வீரமாமுனிவர் இக்குறையை உணர்ந்து, குறிலுக்கும் நெடிலுக்கும் வடிவ வேறுபாடு வகுத்தார். தொன்னூல் விளக்கம் இயற்றியதோடு அமையாது, ஜனங்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் லத்தீன் பாஷையில் ஓர் இலக்கணம் செய்தார். அவருக்குப் பின், யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822-1879) வண்ணார்பண்ணையில் 1848-ல் பாடசாலை நிறுவினார். சிறுவர் பொருட்டு வசன நடையில் பாலபாடமும் இலக்கணச் சுருக்கமும் எழுதி அச்சிட்டார். இவ்வாறு இலக்கணம் எளியோர் கைக்கும் எட்டுவதாயிற்று.

எட்டிய அதனை நாம் கைவிடலாமா? பாகப்பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'இளையவனுக்குத் தோட்டத்தைக் கொடுத்தேன்' என்பது ஒரு பொருள். 'தோட்டத்தையும் கொடுத்தேன்' என்றால், வேறொன்றும் கொடுக்கப்பட்டது என எச்சவும்மையாற் பெறப்படும். 'கந்தன் முருகனிடம் தன் வீட்டை ஒப்புவித்தான்' என்புழி வீடு கந்தனதே. 'அவன் வீட்டை' என்றெழுதின், வீடு எவனது என்று துணிதல் அரிது. எழுதினவர் மறைந்தபின் அவர் கருத்தை யாரிடம் கேட்பது? ஓர் இடைச்சொல்லின் பொருட்டு உடன்பிறந்தார் வழக்காடிப் பொருளும் உறவும் இழப்பாராயின், அந்நஷ்டம் புலவரைச் சார்ந்ததன்று. நம் குடும்பங்களைச் சார்ந்ததே.

ஆகையால், சங்கத்து அன்பர்களே, பத்திரமாயினும் விண்ணப்பமாயினும் கைப்பேசியில் அனுப்பும் இரண்டு வரியாயினும், எழுதியபின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். கையெழுத்திடுமுன் இலக்கணம் அறிந்தார் ஒருவர்க்குக் காட்டுங்கள். ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் ஒப்பவே இலக்கணம் கற்பியுங்கள். நிலமும் பொருளும் தேடி வைக்கும் நாம், அவற்றைக் காக்கும் சொல்லையும் அவர்களுக்குத் தந்து செல்லுதல் கடமையென்க.