வாசல் தாண்டிய வாசனை

பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் நமக்குத் தெரிந்துவிடும், இல்லையா? கதவைச் சாத்தலாம், வாசனையைச் சாத்த முடியாது. இந்தச் சின்ன விஷயம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன கதைதான் இன்னிக்கு.

கஞ்சாவைப் பலகாரத்தில் சேர்க்கிறவங்களுக்குச் சூடு தேவை. செடியில் இருப்பது பெரும்பாலும் டிஹெச்சிஏ என்கிற அமிலம். அதுக்குப் போதை கிடையாது. சூடு பட்டால்தான் அது டிஹெச்சி ஆகும். ஆனா அதே சூட்டில் டெர்பீன் என்கிற வாசனைப் பொருட்களும் ஆவியாகி வெளியே கிளம்பிடும். அதனால தடை இருந்த காலத்தில், வீட்டு அடுப்பே காட்டிக்கொடுக்கிற ஆபத்து இருந்தது.

அந்த ஆபத்தோடு சமைத்தவர் சான் ஃபிரான்சிஸ்கோவின் மேரி ஜேன் ராத்பன், 'பிரவுனி மேரி'. 1981-ல் போலீஸ் அவர் வீட்டில் 54 டஜன் பிரவுனிகளைக் கைப்பற்றியது. தண்டனை, 500 மணி நேரச் சமூக சேவை. பிறகு எய்ட்ஸ் நோயாளிகளுக்காகச் சுட ஆரம்பித்தார். குமட்டலில் சாப்பிடவே முடியாமல் மெலிந்துபோனவங்க அவங்க. 1992-ல் மறுபடியும் கைது. அதே வருஷம் ஆகஸ்ட் 25-ஐ நகர நிர்வாகம் 'பிரவுனி மேரி தினம்' என்று அறிவித்தது!

சரி, வாசனை வந்தது என்பதற்காகப் போலீஸ் வீட்டுக்குள் நுழையலாமா?

1948-ல் சியாட்டில் ஹோட்டல் அறை வழக்கு. அங்கே வந்தது அபின் வாசனை. "நீதிபதியிடம் வாரண்ட் கேட்க அது காரணமாகலாம், வாரண்ட் இல்லாமல் நுழையக் காரணமாகாது" என்ற கருத்தில் தீர்ப்பு வந்தது.

2011-ல் கென்டக்கி வழக்கு. போலீஸ் துரத்திய ஆள் வலப்பக்க வீட்டுக்குள் ஓடிவிட்டார். இடப்பக்கக் கதவிலிருந்து கஞ்சா வாசனை. தட்டினாங்க, உள்ளே ஏதோ நகர்கிற சத்தம். ஆதாரத்தை அழிக்கிறாங்கன்னு நினைத்துக் கதவை உடைத்தாங்க. கதவைத் தட்டியதால்தான் அந்த அவசரம் வந்தது என்றாலும், போலீஸ் சட்டத்தை மீறாதவரை அது தப்பில்லை என்றார்கள் எட்டு நீதிபதிகள். மறுத்தவர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒருத்தர்தான்.

2013-ல் மயாமி வழக்கு. இங்கே மோப்பம் பிடித்தது ஃபிராங்கி என்ற நாய். வீட்டு வாசல் வரை யாரும் வந்து தட்டலாம், பதில் இல்லைன்னா திரும்பிப் போகலாம். நாயைக் கூட்டிவந்து வாசலில் மோப்பம் பிடிப்பது அந்த மரியாதைக்குள் வராது. அது சோதனைதான் என்றது 5-க்கு 4 தீர்ப்பு. நம்ம திண்ணையும் வீடுதானே, அந்தக் கணக்குதான்.

1996-ல் கலிஃபோர்னியா மக்கள் மருத்துவக் கஞ்சாவை ஓட்டுப்போட்டு அனுமதித்தாங்க. 1999-ல் ராத்பன் காலமானார். கதவுக்கு வெளியே நிற்கிற மூக்குக்கு, உள்ளே நோயாளிக்குச் சமைக்கிறாங்களா, வியாபாரத்துக்கா என்று தெரியாது. அதனால்தான் மூக்குக்கும் கதவுக்கும் நடுவே ஒரு வாரண்ட் தேவைப்படுது.