முதலில் வேகம், பிறகு பிரேக்: யமஹா வி-மேக்ஸின் கதை



சென்ற மாதம் நம் அடித்தளப் பார்க்கிங்கில் ஒரு புது க்ரூஸர் பைக் வந்து நின்றதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். உருண்டை ஹெட்லைட், அகன்ற பின் டயர், பழைய காலத்துச் சாயல். ஸ்டார்ட் செய்தால் இரண்டாம் மாடி வரை சத்தம் கேட்கிறது. பிள்ளைகள் அதனருகே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். வாட்ஸ்அப் குழுவில் கொஞ்சம் முணுமுணுப்பும் வந்தது. "இப்படி ஒரு வண்டியை யாருக்காகத்தான் செய்கிறார்களோ?" என்று லிஃப்டில் ஒரு மாமி என்னிடம் கேட்டார். அதற்குப் பதில் சொல்ல 1985-க்குப் போக வேண்டும்.

அந்த ஆண்டின் யமஹா என்றால் நம்மில் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு ஆர்எக்ஸ் 100 தான் நினைவுக்கு வரும். எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து யமஹா அதை இந்தியாவில் இறக்கியது அப்போதுதான். 98 சிசி, 11 குதிரைத்திறன். அதற்கே 'பறக்கும் வண்டி' என்று பெயர். அதே 1985-ன் மாடலாக, அதே யமஹா அமெரிக்கச் சந்தைக்கு விட்ட வண்டி வி-மேக்ஸ். 1198 சிசி, 'வி' வடிவில் நான்கு சிலிண்டர்கள், 145 குதிரைத்திறன். அன்றைய மாருதி 800 காரின் சக்தியைப்போல மூன்று மடங்குக்கும் மேல், இரண்டே சக்கரங்களில்!

அந்த நேரத்தில் யமஹா நல்ல நிலையில் இருந்ததா என்றால், இல்லை. 1981-ல் அதன் தலைவர் ஹிசாவோ கோய்கே, ஹோண்டாவை முந்தி முதலிடம் பிடிப்போம் என்று வெளிப்படையாகச் சவால் விட்டார். ஹோண்டா சும்மா இருக்கவில்லை. ஒன்றரை ஆண்டுக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புது மாடல்களையும் மாற்றங்களையும் சந்தையில் கொட்டியது. யமஹாவின் வண்டிகள் விற்காமல் கிடங்குகளில் குவிந்தன. 1983-ல் கோய்கே பதவி விலக நேர்ந்தது. அதே ஆண்டு அமெரிக்க அரசும், ஹார்லி டேவிட்சனைக் காப்பாற்ற, 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கு முதலாண்டில் 45 சதவீதம் கூடுதல் வரி போட்டது.

இந்த நெருக்கடிக் காலத்தில்தான் அகிரா அராக்கி தலைமையிலான குழு வி-மேக்ஸை உருவாக்கியது. அமெரிக்கர்களுக்குப் பிடித்தது எது? வி-8 இன்ஜின் வைத்த மசில் கார்கள். கால் மைல், அதாவது சுமார் 400 மீட்டர் நேர்ச்சாலையில் யார் முந்துகிறார் என்று பார்க்கும் டிராக் பந்தயம். அந்த உணர்வை ஒரு பைக்கில் தர முடியுமா என்று பார்த்தார்கள். நீண்ட பயணத்துக்கான வென்ச்சர் என்ற தங்கள் வண்டியின் இன்ஜினை எடுத்து முறுக்கேற்றினார்கள்.

அதில் சேர்த்த முக்கியமான உத்திக்கு 'வி-பூஸ்ட்' என்று பெயர். நான்கு சிலிண்டர்களுக்கு நான்கு கார்புரேட்டர்கள். இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 6000 சுற்றைத் தொடும்போது, அவற்றை இணைக்கும் குழாய்களில் உள்ள மடல்கள் திறக்கத் தொடங்கும். அதன் பிறகு ஒரு சிலிண்டர் இரண்டு கார்புரேட்டர்களிலிருந்து இழுத்துக்கொள்ளும். ஒரு ஸ்ட்ராவில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று இரண்டு ஸ்ட்ராவில் குடிப்பதுபோல.

தோற்றத்தில் ஒரு வேடிக்கை உண்டு. பெட்ரோல் டேங்க் போலத் தெரிவது டேங்க் அல்ல, வெறும் மூடி. உண்மையான டேங்க் சீட்டுக்கு அடியில் இருந்தது. இருபுறமும் காற்றை உறிஞ்சுவதுபோல் நிற்கும் பளபளப்பான வாய்களும் அலங்காரத்துக்குத்தான். ஆனால் அந்த உருவம்தான் மக்கள் மனதில் நின்றது. நாம் இன்று பார்க்கிற பல முரட்டு க்ரூஸர்களில் அதன் சாயலைக் காணலாம்.

இனி நம் கவனத்துக்கு உரிய பகுதி. நேர்க்கோட்டில் பறந்த இந்த வண்டி, வளைவில் அவ்வளவு நம்பிக்கை தரவில்லை. அதிவேகத்தில் உடல் ஆடுகிறது, முன் ஃபோர்க் மெலிதாக இருக்கிறது, இவ்வளவு சக்திக்கு பிரேக் போதாது என்பவை ஆரம்பம் முதலே சொல்லப்பட்ட குறைகள். தடித்த ஃபோர்க்கும் மேம்பட்ட பிரேக்கும் 1993-ல்தான் வந்தன. வேகம் வந்து எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு! அதன் பிறகு 2007 வரை பெரிய மாற்றமில்லாமலே விற்றார்கள். 2009-ல் பழைய உருவத்தைக் கைவிடாமல் புதிய விமேக்ஸ் வந்தது. 1679 சிசி, சுமார் 200 குதிரைத்திறன், 310 கிலோ எடை. இம்முறை ஏபிஎஸ் பிரேக் முதலிலேயே இருந்தது. காற்று வாய்களும் உண்மையாகவே வேலை செய்தன. 2020 மாடலோடு அந்த வரிசை முடிந்தது.

பிறந்த நாடு இந்த வண்டியை எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள். ஜப்பானிய நிறுவனங்கள் உள்நாட்டில் 750 சிசிக்கு மேல் விற்பதில்லை என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தன. அதனால் 1990 வரை வி-மேக்ஸ் அங்கே விற்பனைக்கு வரவில்லை. வந்தபோதும் வி-பூஸ்ட் இல்லாமல், நூறுக்கும் குறைந்த குதிரைத்திறனோடுதான் வந்தது. 400 சிசிக்கு மேல் ஓட்ட அங்கே தனி லைசென்ஸ் வேண்டும்.

இங்கே? 100 சிசி வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டி வாங்கிய கியர் பைக் லைசென்ஸ் எந்த சிசிக்கும் செல்லும். ஜப்பானில் சட்டம் செய்கிற வேலையை இங்கே வீட்டில்தான் செய்ய வேண்டியிருக்கிறது. "எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன்?" என்று பிள்ளை ஆசையோடு சொல்லும்போது கேளுங்கள். அதோடு "ஏபிஎஸ் இருக்கிறதா? வண்டியின் எடை என்ன? இதற்கு முன் எதை ஓட்டிப் பழகினாய்? ஹெல்மெட்டுக்குப் பணம் ஒதுக்கினாயா?" என்றும் கேளுங்கள். ஆசையைத் தடுக்கச் சொல்லவில்லை. எனக்கும் அந்த ஆசை இருந்தது. 11 குதிரைத்திறனிலேயே இரண்டு முறை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன் நான். அன்று என்னிடம் 145 இருந்திருந்தால் இன்று உங்களுக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மாமிக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். புது வண்டிக்காரத் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: வண்டி அழகாக இருக்கிறது, வாழ்த்துகள். காலையில் ராம்ப் ஏறும்போது மட்டும் கொஞ்சம் மெதுவாக, ஸ்கூல் வேனுக்குப் பிள்ளைகள் அங்கேதான் நிற்கிறார்கள்.

உங்களில் யாரிடமாவது ஆர்எக்ஸ் 100 இன்னும் ஓடும் நிலையில் இருந்தால், ஒரு படம் எடுத்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த இதழில் போடலாம்.