வயதான பெண்கள் எவ்வளவு வேகமாக ஓடுவார்கள்? – 800 மீட்டரின் கதை

800 மீட்டர் என்பது மைதானத்தில் இரண்டே சுற்று. பள்ளி விளையாட்டு விழாவில் ஒரு முறையாவது ஓடியவர்களுக்குத் தெரியும், இதைப்போல ஆளைப் படுத்தும் தூரம் வேறு கிடையாது. 100 மீட்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு பாயவும் முடியாது, மாரத்தான் மாதிரி நிதானமாகப் போகவும் முடியாது. வேகமும் வேண்டும், தம்மும் வேண்டும். இந்த இரண்டு சுற்றை ஓடினால் பெண்கள் சீக்கிரமே கிழவிகளாகிவிடுவார்கள் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள் என்றால் நம்ப முடிகிறதா?

சொன்னார்கள். வருடம் 1928.

அந்த வருடம் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாகத் தடகளப் போட்டிகள் நடந்தன. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. ஆலிஸ் மில்லியா என்ற பிரெஞ்சுப் பெண்மணி, ஒலிம்பிக்காரர்கள் இடம் தராததால் 1922-ல் பாரிஸில் பெண்களுக்கென்றே தனியாக உலகப் போட்டி நடத்திக் காட்டினார். அந்த நெருக்கடியில்தான் 1928-ல் ஐந்தே ஐந்து போட்டிகள் பெண்களுக்குக் கிடைத்தன. அதில் ஒன்று 800 மீட்டர்.

ஆகஸ்ட் 2 அன்று நடந்த இறுதிப் போட்டியில் ஜெர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். இரண்டாவது வந்தவர் ஜப்பானின் கினுயே ஹிதோமி. இவர் கதை தனியாக எழுத வேண்டிய கதை. 100 மீட்டரில் பதக்கம் வாங்குவார் என்று எதிர்பார்க்கப்பட்டு அரையிறுதியிலேயே தோற்றவர். வெறுங்கையோடு ஊர் திரும்ப மனமில்லாமல், பழக்கமே இல்லாத 800 மீட்டரில் இறங்கி வெள்ளி வாங்கிவிட்டார்! சரியாக மூன்று வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் 2-ஆம் தேதி, 24 வயதில் நிமோனியாவில் இறந்துபோனார்.

ஓட்டம் முடிந்ததும் சிலர் களைத்துப்போய்த் தரையில் சாய்ந்தார்கள். ஆண்களும் 800 மீட்டர் முடித்ததும் சாய்வது வழக்கம்தான், அது யாருக்கும் செய்தி இல்லை. பெண்கள் சாய்ந்ததும் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ஓடிய 11 பேரில் 5 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், 5 பேர் கோட்டைத் தாண்டியதும் விழுந்துவிட்டார்கள் என்று ஒரு நிருபர் எழுதினார். வேடிக்கை என்னவென்றால் இறுதிப் போட்டியில் ஓடியதே 9 பேர்தான், 9 பேரும் ஓடி முடித்தார்கள்! சீக்கிரம் முதுமை வந்துவிடும் என்ற மருத்துவர்களின் கருத்து லண்டன் நாளிதழ் ஒன்றில் வந்தது இந்த சமயத்தில்தான். விளைவு, அடுத்த ஒலிம்பிக்கில் 800 மீட்டர் நீக்கப்பட்டது. 1932-லும் 1936-லும் பெண்கள் தனியாக ஓட முடிந்த அதிகபட்ச தூரம் 100 மீட்டர். 1948-ல் 200 மீட்டர் வந்தது. 800 மீட்டர் திரும்பி வந்தது 1960 ரோம் ஒலிம்பிக்கில்தான். 32 வருடம்!

பந்தயமே இல்லாவிட்டால் சாதனை எப்படி வளரும்? ராட்கேயின் நேரம் 1944 வரை 16 வருடம் அப்படியே இருந்தது. சோவியத் நாட்டிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் பெண்கள் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்ததால்தான் இந்த தூரம் உயிரோடு இருந்தது. இரண்டு நிமிடத்துக்குள் ஓடிய முதல் அதிகாரபூர்வ சாதனை 1971-ல் வந்தது. மேற்கு ஜெர்மனியின் ஹில்டகார்ட் ஃபால்க், 1:58.5. அடுத்த வருடம் மியூனிக்கில் பெண்களுக்கு 1500 மீட்டரும் ஒலிம்பிக்கில் சேர்ந்தது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும் என்றால், வயதானவர்களின் வேகத்தைப் பற்றிப் பேசும்போது பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மூத்தோருக்கான முதல் உலகப் போட்டி 1975-ல் டொரண்டோவில் நடந்தது. ஆண்களுக்கு 40 வயதிலிருந்து மூத்தோர் பிரிவு, பெண்களுக்கு 35-லேயே! (பிற்காலத்தில்தான் இருவருக்கும் 35 என்று ஒன்றாக்கினார்கள்.) அன்றைக்கு 65 வயதான ஒரு பெண் 1910-ல் பிறந்திருப்பார். அவருடைய இருபதுகளில் ஒலிம்பிக்கில் அவருக்கு இரண்டு சுற்று ஓட்டமே கிடையாது. அவரை ஒரு 65 வயது ஆணோடு ஒப்பிட்டுவிட்டு, பெண்களின் வேகம்தான் வயதோடு அதிகமாகக் குறைகிறது என்று முடிவு கட்டினால் எப்படி? அந்த எண்ணில் பாதி உடம்பின் கணக்கு, மீதி வரலாற்றின் கணக்கு.

உடம்பின் கணக்கும் உண்டுதான். வயது ஏற ஏற இதயத்தின் உச்சத் துடிப்பு குறைகிறது, உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் குறைகிறது, வேகத்துக்கான தசைநார்கள் மெலிகின்றன. நடுத்தூர ஓட்டத்துக்கு இவை எல்லாமே தேவை என்பதால் எந்தப் பக்கமும் தப்பிக்க வழியில்லை. ஆனால் பயிற்சியை விடாதவர்களுக்கு இந்தச் சரிவு மெதுவாகவே நடக்கிறது.

எவ்வளவு மெதுவாக என்பதற்கு ஒரே ஒருவரைப் பார்த்தால் போதும். யெகாதெரினா போத்கோபயேவா, ரஷ்யர், பிறந்தது 1952. 1983 ஹெல்சின்கி உலகப் போட்டியில் 800, 1500 இரண்டிலும் வெண்கலம் வாங்கினார். அடுத்த வருடம் சோவியத் அரசு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த வாய்ப்பு போயிற்று. வேறு யாராக இருந்தாலும் கதை அங்கே முடிந்திருக்கும். இவரோ 1992 பார்சிலோனாவில் 40 வயதில் 1500 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடி எட்டாவது வந்தார். 1993-ல் உள்ளரங்க உலக சாம்பியன். 1994-ல், 42 வயதில், 800 மீட்டரை 1:59.25-லும் 1500 மீட்டரை 3:59.78-லும் ஓடினார். 1971-ல் உலகமே வியந்த ஃபால்க்கின் நேரத்தைவிட முக்கால் வினாடிதான் அதிகம்! ராட்கேயின் 1928 ஓட்டத்தை இதன் பக்கத்தில் வைத்தால், 24 வயது ராட்கே 42 வயதுக்காரருக்கு 100 மீட்டருக்கும் மேல் பின்னால் வந்துகொண்டிருப்பார். (கரித்தூள் பாதை, பழைய காலணி, குறைந்த பயிற்சி என்று ராட்கே பக்கமும் நியாயம் இருக்கிறது.)

1997 பாரிஸ் உள்ளரங்கப் போட்டி இன்னும் சுவாரசியம். 1500 மீட்டரில் 44 வயது போத்கோபயேவாவும் 38 வயது அமெரிக்கர் மேரி ஸ்லேனியும் கடைசிவரை முட்டிக்கொண்டார்கள். 4:05.19-க்கு 4:05.22. மூன்றே நூறில் ஒரு பங்கு! ஜெயித்தது மூத்தவர். ஸ்லேனியின் வெள்ளி பிறகு ஊக்கமருந்து வழக்கில் பறிக்கப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சந்தேகம் அந்தக் காலத்துப் பல சாதனைகளின் மேல் நிழலாக விழுகிறது. 1983-ல் 32 வயதில் செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோக்விலோவா ஓடிய 1:53.28 நாற்பது வருடம் தாண்டியும் நின்ற சாதனை. அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை, குற்றச்சாட்டை மறுத்தும் வந்தார். ஆனாலும் கேள்வி ஓயவில்லை.

2004 ஏதென்ஸில் பிரிட்டனின் கெல்லி ஹோம்ஸ் 34 வயதில் 800, 1500 இரண்டிலும் தங்கம் வென்றபோது வயதைப் பற்றி எழுதியவர்கள்கூட வியப்பாகத்தான் எழுதினார்கள், கவலையாக அல்ல.

சரி, இன்னும் மேலே போனால்? 2007-ல் அமெரிக்காவின் ஜீன் தப்ரானோ, 70 வயதில், ஒரு மைலை 6 நிமிடம் 47.91 வினாடியில் ஓடினார். சுற்றுக்கு சுமார் 101 வினாடி, நான்கு சுற்றுக்கும் சற்று அதிகமாக. அதாவது 1928-ல் பெண்களால் முடியாது என்று சொல்லப்பட்ட தூரத்தைப் போல இரண்டு மடங்கு. சந்தேகம் இருப்பவர்கள் நாளைக் காலை மைதானத்துக்குப் போய் 101 வினாடியில் ஒரே ஒரு சுற்று ஓடிவிட்டு, அப்படியே நிற்காமல் இன்னும் மூன்று சுற்று முயன்று பார்க்கலாம் :)