விற்றவர்கள் வாடகைக்கு விட்ட கதை

பொருளைச் செய்து விற்பவரின் வேலை, விற்பனையோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வாடகைக்கு விடுபவரின் வேலையோ அதன் பிறகுதான் தொடங்குகிறது. இவ்வேறுபாட்டைக் கார் நிறுவனங்கள் எவ்வாறு கற்றன என்பதை ஜெர்மனியில் நடந்த ஒரு கதை நமக்கு உணர்த்துகிறது.

2008 அக்டோபரில் டைம்லர் நிறுவனம், தனது ஆய்வு மையம் இருந்த உல்ம் நகரில் 'கார் டு கோ' திட்டத்தைத் தொடங்கியது. முதலில் ஊழியர்களுக்கு மட்டும். 2009இல் நகரத்தார் அனைவருக்கும். தெருவில் நிற்கும் சிறிய 'ஸ்மார்ட்' காரை எடுத்துச் சென்று, நகர எல்லைக்குள் வேறோரிடத்தில் விட்டுவிட முடிந்தது. அன்று கட்டணம் நிமிடத்துக்கு 19 சென்ட்டாக இருந்தது. 2011இல் பி.எம்.டபிள்யூ, சிக்ஸ்ட் என்னும் வாடகைக் கார் நிறுவனத்துடன் சேர்ந்து மியூனிக்கில் 'டிரைவ் நவ்' சேவையைத் தொடங்கியது.

கார் விற்பவர்கள் இம்முடிவுக்கு வந்தது ஏன்? நகரத்து இளைஞர்கள் கார் வாங்காமலே வாழப் பழகிவிடுவார்களோ என்ற அச்சமே முதற்காரணம் எனலாம். நாளைய வாடிக்கையாளரை இன்றே தம் காரில் அமர்த்திவிட வேண்டும் என்ற கணக்கும் அதில் இருந்தது.

ஆனால், விற்ற கார் சும்மா நின்றால் நட்டம் வாங்கியவருக்கு. வாடகைக் கார் சும்மா நின்றால் நட்டம் நிறுவனத்துக்கு. துடைப்பதும், பழுது பார்ப்பதும், ஆளில்லாத தெருவிலிருந்து ஆளுள்ள தெருவுக்கு நகர்த்துவதும் அதன் பொறுப்பே. 2019 பிப்ரவரியில் போட்டியாளர் இருவரும் தம் சேவைகளை இணைத்து, 100 கோடி யூரோவுக்கு மேல் முதலீடு அறிவித்தனர். மறு ஆண்டு பிப்ரவரியிலேயே இணைந்த 'ஷேர் நவ்' வட அமெரிக்காவை விட்டு வெளியேறியது. 2022இல் அது ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது.

அண்டை நாடான சுவிட்சர்லாந்தையும் இங்கு நோக்க வேண்டும். தனியே கார் வாங்க இயலாதோர் 1948லேயே சூரிச்சில் கூடிக் காரைப் பகிர்ந்தனர். 1987இல் அங்கே தோன்றிய இரு கூட்டுறவுகள் 1997இல் இணைந்து 'மொபிலிட்டி' ஆயின. அது இன்றும் இயங்குகிறது. அங்கே பெரும்பாலும் எடுத்த இடத்திலேயே காரைத் திருப்பி நிறுத்த வேண்டும். வசதி சற்றுக் குறைவு, ஆயுள் அதிகம்.

ஒன்று பயன்படுத்துவோரின் தேவையில் பிறந்தது. மற்றொன்று விற்போரின் அச்சத்தில் பிறந்தது. அச்சம் தணிந்தாலோ, செலவு மிகுந்தாலோ நிறுவனம் விலகிக்கொள்ளலாம். அதை நம்பித் தன் காரை விற்றவன் எங்கே விலகுவான்?