லாயமும் லயமும்



“காய்ந்த மாடு கம்பிலே விழுந்தது போல” என்றொரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. பசித்தவனின் அவசரத்தைக் கேலி செய்யவே அதனை நாம் பயன்படுத்துகிறோம். ஆனால் அதற்குள் ஒரு மருத்துவ உண்மையும் அடங்கியிருக்கிறது. நெடுநாள் பட்டினி கிடந்த பிராணிக்குத் திடீரென்று தானியத்தை அள்ளிப் போட்டால் அதன் உயிருக்கே ஆபத்து. இதனை நான் முதலில் அறிந்தது புத்தகத்திலிருந்து அன்று. என் பாட்டியின் வாயிலிருந்து. பாட்டிக்குச் சொன்னவர் அவருடைய தகப்பனார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அவர் துரையின் குதிரைக்காரராக இருந்தவர்.

இதை வெளியே சொல்ல எனக்கு நெடுங்காலம் கூச்சமாக இருந்தது. விராட நகரத்திலே நகுலன் குதிரைகளைப் பராமரிக்கும் வேலைக்கு அமர்ந்த கதையை வகுப்பில் எத்தனையோ முறை சுவையோடு சொல்லியிருக்கிறேன். என் பூட்டனாரும் அதே வேலையைச் செய்தவர் என்று ஒருமுறையேனும் சொன்னதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இன்று இந்தக் கதையைக் கூறுகிறேன்.

ஊவாவின் மலைத்தோட்டங்களில் குதிரை ஓர் ஆடம்பரப் பொருளாக மட்டும் இருக்கவில்லை. புகையிரதம் அப்புத்தளைக்கு 1893 இலும் பண்டாரவளைக்கு 1894 இலும் வந்தது. பதுளையை அது எட்டிப் பிடிக்க 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை தோட்டத்துக்குத் தோட்டம் போகவும், மலையைச் சுற்றிப் பார்க்கவும், பதுளைக் கச்சேரிக்கு வரவும் துரைமாருக்குக் குதிரையே துணை. கோப்பிக் காலத்திலும் அப்படித்தான். 1869 இல் மடுல்சீமைப் பகுதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்து, தேயிலை வந்த பின்னும் அப்படித்தான்.

ஆனால் இந்த மலை குதிரைக்கு ஏற்ற மேய்ச்சல் நிலம் அன்று. பத்தனை வெளிகளில் வளரும் மானாப் புல் முற்றிவிட்டால் மாடுகூட அதை விரும்பித் தின்னாது. ஆனி தொடங்கிப் புரட்டாதி வரை ஊவாவில் மழை குறைவு; காற்றும் வெயிலும் இளம்புல்லையும் காய்த்துவிடும். ஆகவே குதிரைக்கென்று கினிப்புல் வளர்த்தார்கள். இந்தியாவிலிருந்து கொள்ளு தருவித்தார்கள். குதிரையும் கடல் கடந்து வந்தது, கொள்ளும் கடல் கடந்து வந்தது, அதை அவித்துக் கொடுத்த மனிதனும் கடல் கடந்தே வந்தான்.

1290 களில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் அங்கே ஏராளமான குதிரைகள் வந்திறங்குவதையும், அவை பேணத் தெரிந்தவரின்றி மடிவதையும் எழுதினான். சோற்றோடு இறைச்சியைச் சேர்த்துச் சமைத்து அவற்றுக்குக் கொடுத்தார்களாம். தமிழனுக்குக் குதிரை வளர்க்கத் தெரியாது என்பதே அந்த வெனிஸ் நகரத்தானின் தீர்ப்பு. அறுநூறு ஆண்டுகள் கழித்து ஊவா மலையில் ஒரு தமிழன் என்ன செய்தான் என்பதைக் கேளுங்கள்.

ஒருமுறை துரை மலிவு விலைக்கு ஒரு குதிரையை வாங்கி வந்தாராம். விலா எலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம்; இடுப்பெலும்பு முளை போலத் துருத்தி நின்றது. அன்றைக்கே வாளி நிறையக் கொள்ளு வைக்கச் சொன்னார் துரை. பூட்டனார் கைகட்டி நின்றபடியே, “தொரைங்களே, காஞ்ச வயிறு. இப்பக் கொள்ளு வச்சா குதிர தங்காது. எனக்குக் கொஞ்ச நாள் குடுங்க” என்றாராம். துரையிடம் மறுத்துப் பேசுவதென்பது அந்தக் காலத்தில் இலேசான காரியமன்று. பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்து வெளியே அனுப்ப ஒரு சொல் போதும். ஆயினும் துரை சம்மதித்தார்.

முதலில் பூட்டனார் குதிரையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். தின்ற புல்லை அது பாதி மென்று உருட்டித் துப்பியதைக் கண்டிருந்தார். கடைவாய்ப் பல்லின் ஓரம் கூராகிக் கன்னத்தைக் கிழித்திருந்தது. அதை அராவச் செய்தார். அடுத்துச் சாணத்தைக் கிளறிப் பூச்சி உண்டா என்று பார்த்தார். முதற் பத்து நாளும் நறுக்கிய பசும்புல் மட்டுமே. அதையும் ஒரே தடவையில் போடாமல், விடியலிலிருந்து நள்ளிரவு வரை கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டார். பக்கத்தில் உப்புக் கட்டியும் எந்நேரமும் தண்ணீரும் இருந்தன. அதன் பின்னரே ஒரு கைப்பிடி கொள்ளு, அதுவும் ஊறவைத்து அவித்தது. பிறகு இரண்டு கைப்பிடி. மாதம் ஒன்று கடந்த பின்பு கொஞ்சம் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும். மூன்று மாதம் கழித்துத் துரை அதில் ஏறி மலை சுற்றினாராம்.

இன்றைய கால்நடை மருத்துவம் இதையே கூறுகின்றது. குதிரையின் இரைப்பை அதன் உடம்போடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. அதனால் வாந்தி எடுக்கவும் முடியாது. ஆகவே அடிக்கடி சிறிது சிறிதாக உண்பதே அதன் இயல்பு. 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிலோ உலர்தீவனம் வேண்டும். பட்டினியால் வற்றிய குதிரைக்கு மாச்சத்து மிகுந்த தானியத்தைத் திடீரெனக் கொடுத்தால் இரத்தத்திலுள்ள பொஸ்பரசு, பொட்டாசியம் முதலிய உப்புகள் சட்டென்று குறையும். சில நாட்களுக்குள் இதயமே நின்றுவிடலாம். குதிரையின் உடற்கட்டை 1 முதல் 9 வரை மதிப்பிடும் முறையை அமெரிக்க ஆய்வாளர் ஹெனெக் 1983 இல் வெளியிட்டார். பூட்டனார் உள்ளங்கையால் விலாவைத் தடவியே அந்த மதிப்பீட்டைச் செய்தார்.

இங்கே ஒரு தமிழ் வாத்தியாரின் ஐயமும் உண்டு. “இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு” என்பதல்லவா நம் முதுமொழி? இளைத்த குதிரைக்குக் கொள்ளு கொடுப்பது முரண் ஆகாதா? பூட்டனாரின் முறையைப் பார்த்தால் முரண் இல்லை. கொள்ளில் புரதம் மிகுதி. அது உழைக்கும் குதிரைக்குத் தசையை வளர்க்கிறது. எலும்பை மூடும் கொழுப்புக்கோ எண்ணெய்ச் சத்து வேண்டும். அதைத் தவிடும் புண்ணாக்கும் தந்தன. எள் தருவதும் அந்த எண்ணெய்ச் சத்தைத்தான்.

கொள்ளைக் குதிரைத் தீனி என்று இகழ்வதும் பிற்கால வழக்கமே. புறநானூற்றின் 335 ஆம் பாட்டில் மாங்குடி கிழார், வரகு, தினை, அவரை ஆகியவற்றோடு கொள்ளையும் சேர்த்து மக்களின் நால்வகை உணவாகக் காட்டுகிறார். பூட்டனார் வீட்டிலும் அது மக்கள் உணவாகவே இருந்தது. அவித்த கொள்ளு குதிரைக்குப் போகும். அவித்த தண்ணீரைப் பாட்டி சட்டியில் ஏந்தி வீட்டுக்குக் கொண்டு வருவார். மிளகும் பூண்டும் தட்டிப் போட்டால் அதுவே ரசம். பேர்ச்சீட்டு அரிசி தீர்ந்துபோன மாதக் கடைசியில் அந்த ரசமே ஏழு வயிற்றுக்கும் கறியாயிற்று. குதிரை தேறிய அந்த மூன்று மாதத்தில் நம் பிள்ளைகளில் எவரும் தேறவில்லை என்று பாட்டி சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கர் 1855 இல் வெளியிட்ட நூலில் ஹென்றி பெர்க்ஸ் என்ற ஆங்கிலக் குதிரைக்காரனைப் பற்றி எழுதியிருக்கிறார். அவன் வண்டியையும் குதிரைகளையும் மலைச்சரிவிலே உருட்டிவிட்டான். பிறகு உதவிக்கு அனுப்பிய யானையையும் மட்டுமீறி விரட்டிக் கொன்றான். குதிரையைக் கெடுத்தவனின் பெயர் அச்சில் நிலைத்துவிட்டது. குதிரையைத் தேற்றியவர்களின் பெயர்களோ செக்ரோலோடு மக்கிப்போயின.

1920 களின் பிற்பகுதியில் துரை மோட்டார்க் கார் வாங்கினார். குதிரை விலை போயிற்று. பூட்டனார் புல்வெட்டு மலைக்கு அனுப்பப்பட்டார். வெறுமையான குதிரை லாயத்தை இரண்டாகத் தடுத்து இரு குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். அதிலொன்றில்தான் பின்னாளில் என் தாயார் பிறந்தார். லாயம் லயமாயிற்று; ஒரு நெடில் குறிலானது, அவ்வளவே. லயத்துக் காம்பராவைவிட அது அகலமாகவும் காற்றோட்டமாகவும் இருந்ததென்று பாட்டி கடைசிவரை பெருமைப்பட்டார்.

இன்றும் நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் குதிரைகளைக் காண்கிறோம். நெடுந்தீவில் மட்டக்குதிரைகள் வறட்சிக் காலத்தில் நீரும் புல்லுமின்றி மெலிந்து மடிகின்றன. மெலிந்த குதிரையைத் தேற்றும் அறிவு இன்னும் நமக்குத் தேவைப்படும் அறிவே.

சென்ற ஆண்டு விராட பருவத்தை நடத்தியபோது பூட்டனாரின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவன் பின்னால் வந்து, “சேர், எங்க தாத்தாவோட அப்பாவும் லாயத்துல வேல செஞ்சவருதான். வீட்டுல யாரும் சொல்ல மாட்டாங்க” என்றான். அவரிடமிருந்து வந்த விஷயங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொன்னேன். மூன்று பக்கம் எழுதி வந்தான். குதிரையின் காலில் இளஞ்சூடு கண்டால் என்ன செய்வதென்று அதில் இருந்தது. அது எனக்கும் தெரியாத செய்தி.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படியொருவர் இருந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். கேட்டதை எழுதியும் வையுங்கள்.