எல்லைக் கோட்டில் ஓர் ஊர்

இராஜஸ்தானத்தின் வடகோடியில், ஸ்ரீகங்காநகர் ஜில்லாவில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது இந்துமால்கோட் என்னும் சிற்றூர். பிக்கானீர் சமஸ்தானத்துத் திவான் இந்துமாலின் பெயரைத் தாங்கியது அது.

1899–1900ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தை இளவயதிலேயே கண்ட மகாராஜா கங்கா சிங், வானத்தை மட்டும் நம்பினால் குடிகள் பிழையார் என உணர்ந்தார். சட்லெஜ் நீரைப் பீரோஸ்பூரிலிருந்து கொணரும் கங்கக் கால்வாய் 1927 அக்டோபர் 26 அன்று திறக்கப்பட்டது. பஞ்சாப் உழவர் பலர் வந்து குடியேறினர். மணற்காடு கோதுமையும் பருத்தியும் விளையும் கழனியாயிற்று.

1947இல் பெருஞ்சோதனை நேர்ந்தது. கால்வாயின் தலைமதகு பாகிஸ்தானுக்குப் போய்விடுமோ என்று அஞ்சிய மகாராஜா சாதுல் சிங், மவுண்ட்பேட்டனிடம் முறையிட்டார். ஆகஸ்டு 17 அன்று வெளியான ராட்கிளிஃப் தீர்ப்பில் பீரோஸ்பூர் இந்தியாவுக்கே கிடைத்தது.

நீர் நிலைத்தது, ஆனால் பாதை அறுந்தது. பட்டிண்டாவிலிருந்து இவ்வூர் வழியே பகவல்நகர் சென்ற இருப்புப்பாதை எல்லையில் துண்டுபட்டது. டிக்கட்டும் கட்டணப் பட்டியலுமாகக் காலங்கழிக்கும் நமக்கு, ஓர் ஊரின் பெயர் அப்பட்டியலிலிருந்து நீங்குவதன் துயரம் நன்கு விளங்கும். அப்பெயருக்குப் பின்னே எத்தனை உறவினர் பிரிந்தனரோ!

அன்பர்களே, நாமும் பிழைப்பு நாடி வந்து குடியேறியவர்களே. வந்த மண்ணைத் தம் மண்ணாக்கிப் பயிரிட்ட அவ்வுழவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. வேர் ஊன்ற நீர் வேண்டும். அந்நீரைக் கொணரப் பல்லாண்டு உழைப்பு வேண்டும். நம் சங்கத்தையும் நாம் அவ்வாறே வளர்ப்போமாக.